சுனாமி பொம்மையும் தனுஷ்கோடிக் கல்லும்

மக்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருக்கிறவங்க நிதானமா படிங்க. இல்லாதவங்க கடைசி நாலு பத்தியை மட்டுமாவது படிச்சுட்டுப் போங்க, அதுல உங்ககிட்ட ஒரு வேண்டுகோள் இருக்கு.

நம்மள்ல ஸ்டாம்ப் சேர்க்கிறவங்க உண்டு, பழைய காசு சேர்க்கிறவங்க உண்டு. தீப்பெட்டி லேபிள் சேர்க்கிற ஒருத்தர்கூட எனக்குப் பழக்கம். நான் சேர்க்கிறது கொஞ்சம் வில்லங்கமான சரக்கு. கடல் கொண்டுபோனவங்களோட நினைவா, மிச்சமிருந்தவங்க செஞ்சு வச்ச பொருட்கள். வீட்ல இதுக்கு 'சாவுச் சாமான்'னு பேரு. நடுவீட்டுல வைக்கக்கூடாதுன்னு கண்டிஷன் வேற. அதனால பீரோவுக்கு மேல ஒரு பனையோலைப் பெட்டியில இருக்கு. பெட்டி மணப்பாட்டுல பெண்கள் பின்னுறது. அந்த ஊர் ஓலைப்பெட்டி தெற்கத்திக்காரங்க எல்லாருக்கும் தெரியும். எங்க அம்மா ஊரும் அதுதான்.

பெட்டிக்குள்ள இருக்கிறது மொத்தம் அஞ்சு வகை. தனுஷ்கோடியில எடுத்த ஒரு கல். கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு துணிப் பொம்மை. 2005இல் சென்னையில பிளாட்பாரத்துல வாங்கின ஒரு சுனாமி வி.சி.டி. கொஞ்சம் கண்ணீர் அஞ்சலித் தாள்கள், கோயில்ல கொடுத்த நினைவு அட்டைகள். அப்புறம் கடற்கரை நினைவுத்தூண்களை நான் எடுத்த போட்டோக்கள்.

போன தடவை செப்டம்பர் திருவிழாவுக்கு மணப்பாடு போனப்ப பெட்டியையும் தூக்கிட்டுப் போயிருந்தேன். மாமாகிட்ட காட்டணும்னு ஒரு ஆசை. மாமாவுக்கு எண்பதை நெருங்குது. அம்பது வருஷம் கடல்ல கிடந்த மனுஷன். கல்லை எடுத்து உள்ளங்கையில வச்சுப் பார்த்தாரு.

"ஏல மக்கா, இது எங்கவுள்ள கல்லு?"

"தனுஷ்கோடி மாமா. இடிஞ்ச கோயில் பக்கத்துல கிடந்தது."

"அங்க யாரு செத்தா?"

"நிறைய பேர் மாமா. ஆயிரத்தி எண்ணூறு பேர்னு சொல்லுதாங்க."

"கணக்கு கேக்கலல. யாருன்னு கேட்டேன்."

எனக்குப் பதில் தெரியல. மாமா கல்லைப் பெட்டிக்குள்ள வச்சிட்டு, மேட்டுப் பக்கம் கையைக் காட்டினாரு. "அங்க நிக்குதுல்லா சிலுவை, அதுக்கு வருசா வருசம் வேலை இருக்கு. சனம் வருது, கும்புடுது, கப்பல் உடைஞ்ச கதையை புள்ளைகளுக்குச் சொல்லுது. உம் பெட்டிக்கு என்னல வேலை?"

இந்தக் கேள்விதான் என்னை இந்தப் பதிவை எழுத வச்சது.

*

மாமா சொன்ன சிலுவைக் கதை தெரியாதவங்களுக்காக: மணப்பாடு திருச்செந்தூருக்குத் தெற்கே, கருமேனி ஆறு கடல்ல கலக்கிற இடத்துல இருக்கு. கடலுக்குள்ள மூக்கு நீட்டின மாதிரி ஒரு மணல் மேடு. அந்த மேட்டு மேலதான் திருச்சிலுவை ஆலயம். ஊர் வழிவழியாகச் சொல்லும் கதை இது. 1540 வாக்கில் ஒரு போர்த்துகீசியக் கப்பல் புயலில் மாட்டிக்கொண்டது. உயிரோடு கரை சேர்ந்தால், ஒடிந்த பாய்மரத்திலேயே ஒரு சிலுவை செய்து சேர்ந்த கரையில் நடுவதாக அதன் தலைவன் நேர்ந்துகொண்டான். சேர்ந்த கரை மணப்பாடு. அப்படி நட்ட சிலுவைதான் பின்னாளில் கோயிலானது. 1542இல் தென்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் இந்த மேட்டின் அடிவாரக் குகையில் தங்கியிருந்தார் என்பதும் ஊர் மரபு. குகையை இன்னிக்கும் பார்க்கலாம். வருஷா வருஷம் செப்டம்பர் 14இல் முடிகிற திருவிழாவுக்கு அக்கம்பக்கத்து மாவட்டத்துலேருந்தெல்லாம் கூட்டம் வரும்.

சின்ன வயசுலேருந்து இந்தக் கதையைக் கேட்டிருக்கேன். ஆனா இதுவும் ஒரு கடல் விபத்தோட நினைவுச்சின்னம்தான்னு மாமா சொல்ற வரைக்கும் எனக்கு உறைக்கல. உடைஞ்ச கப்பலோட மரத்துண்டு அது. அதையும் யாராவது என்னை மாதிரி ஒரு ஆளு பெட்டியில போட்டு வச்சிருந்தா இந்நேரம் செல்லரிச்சுப் போயிருக்கும். ஊர் அதைத் தன்னோட வருஷக் கணக்குக்குள்ள சேர்த்துக்கிச்சு. அதனால கதையும் நிக்குது.

இந்த அளவுகோலை வச்சுக்கிட்டு என் பெட்டியை ஒவ்வொண்ணா பார்ப்போம்.

*

முதல்ல அந்தக் கல்.

1914இல் பாம்பன் பாலம் திறந்தபிறகு சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில், கொழும்பு. இதுதான் போட் மெயில். தனுஷ்கோடியில் ரயில் நிலையம், தபால் ஆபீஸ், சுங்கச்சாவடி, பள்ளிக்கூடம், கோயில் எல்லாம் இருந்தன. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் அடித்த புயல் அத்தனையையும் முடித்து வைத்தது. அன்றிரவு பாம்பனிலிருந்து கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் அதை அப்படியே விழுங்கியது. ரயிலில் இருந்தவர்கள் 110 பயணிகள், 5 ஊழியர்கள் என்பது கணக்கு. ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் சேர்த்து இறந்தவர்கள் சுமார் 1,800 பேர் என்பார்கள். வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்தது. பாம்பன் பாலத்தை மட்டும் ஈ.ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள். பிற்காலத்தில் டெல்லி மெட்ரோ கட்டிய அதே ஸ்ரீதரன். ஊரைத் திரும்பக் கட்டவில்லை.

நான் போன காலத்துல அரிச்சல்முனைக்குத் தார் ரோடு கிடையாது. அது 2017இல்தான் வந்தது. வேனில் குலுங்கிக் குலுங்கிப் போய் இறங்கினோம். பவளக் கல்லால் கட்டின சுவரெல்லாம் உதிர்ந்து மணலில் கிடந்தது. எல்லாரும் பாசிமணியும் சங்கும் வாங்கிட்டிருந்தப்ப நான் ஒரு துண்டுக் கல்லை எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன். பெரிய வரலாற்று ஆர்வலர்னு நினைப்பு! பவளக் கல்லை எடுக்கிறது சட்டப்படியே தப்புன்னு பின்னாடிதான் தெரிஞ்சது. அதைவிடப் பெரிய தப்பு, போற வர்ற ஒவ்வொருத்தரும் ஆளுக்கு ஒரு கல் எடுத்தா அந்தச் சுவர் என்னத்துக்கு ஆகும்? கடல் விட்டு வச்சதை நாம முடிச்சு வைக்கிறோம்.

அந்த 653ஆம் ரயிலோட நினைவா ஒரு சக்கரமாவது, ஒரு கதவாவது எங்கயாவது வச்சிருக்காங்களான்னு தேடினேன். என் கண்ணுல எதுவும் படல. இந்த இடத்துல இலங்கைக்காரங்க செஞ்ச ஒண்ணைச் சொல்லியாகணும். அங்கேயும் ஒரு ரயிலைக் கடல் அடிச்சது, தனுஷ்கோடிக்கு நாற்பது வருஷம் கழிச்சு.

2004 டிசம்பர் 26 காலை, கொழும்பிலிருந்து காலி வழியாக மாத்தறைக்குப் போன ரயில் பெரலிய என்ற ஊர் அருகே நின்றது. பேர் 'சமுத்திர தேவி'. முதல் அலையில் தண்ணீர் ஏறியதும், ரயிலுக்குள் இருந்தால் பத்திரம் என்று ஊர்ச்சனங்களும் பெட்டிகளில் ஏறிக்கொண்டார்கள். அடுத்த பெரிய அலை பெட்டிகளைப் பொம்மை மாதிரி உருட்டிவிட்டது. ஆயிரத்துக்கும் மேல் உயிர் போனது. 1,700 வரை இருக்கும் என்றும் சொல்வார்கள். உலக ரயில்வே வரலாற்றிலேயே மோசமான விபத்து அதுதான். அந்த ரயிலின் எஞ்சின் கனடாவில் செய்தது, எண் 591, பேர் 'மானிடோபா'. அதைப் பழைய இரும்புக்குப் போடவில்லை. கண்ணாடிக் கூண்டிலும் வைக்கவில்லை. பழுது பார்த்து மறுபடி ஓடவிட்டார்கள். பிறகு ஆண்டு நினைவு நாளில் அதே எஞ்சின் பெரலியவுக்கு வந்து நிற்பதும், உறவுகள் அஞ்சலி செலுத்துவதும் வழக்கமானது.

மாமா கேட்ட 'வேலை' இதுதான்.

*

அதே 2004 டிசம்பர் 26க்கு நம்ம கரைக்கு வருவோம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயித்துக்கிழமை, பௌர்ணமி. காலை 6.29க்கு சுமத்ரா அருகே கடலடியில் பூகம்பம். அலை நம்ம கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆனாலும் ஒருத்தருக்கும் தகவல் கிடையாது. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர். அதில் ஆறாயிரத்துக்கும் மேல் நாகப்பட்டினம் மாவட்டம். கன்னியாகுமரி மாவட்டத்தில் எண்ணூறுக்கும் மேல்.

நடுவுல இருக்கிற தூத்துக்குடி மாவட்டத்துல இறந்தவங்க ஒற்றை இலக்கம். இலங்கைத் தீவு குறுக்கே நின்னு அலையை வாங்கிக்கிச்சு, அதனால மன்னார் வளைகுடாவுக்குள்ள வேகம் குறைஞ்சு போச்சுங்கிறது அறிவியல் சொல்ற காரணம். மணப்பாட்டுல கேட்டா சிலுவை காப்பாத்துச்சும்பாங்க. திருச்செந்தூர்ல கேட்டா முருகன் காப்பாத்தினான்பாங்க. ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து ஊர்தான், சண்டை போட்டுக்காம பங்கு போட்டுக்கிட்டாங்க :-) ஆனா ஒண்ணு. இலங்கை வாங்கின அடிதான் நம்மளைக் காப்பாத்துச்சு. அங்க முப்பதாயிரம் பேருக்கு மேல செத்தாங்க. நாம தப்பிச்ச கதையைச் சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்லணும்.

அடுத்த ரெண்டு மூணு வருஷத்துல கரை முழுக்க நினைவுச்சின்னங்கள் எழுந்தன. கன்னியாகுமரியில் 16 அடி உயரத்துக்கு உலோகத்தில் ஒரு சின்னம் இருக்கிறது. ஒரு கை பெரிய நீல அலையைத் தடுக்கிறது, இன்னொரு கை விளக்கை அணையாமல் காக்கிறது. குளச்சலில் நூற்றுக்கணக்கானவர்களை ஒன்றாக அடக்கம் செய்த இடத்தில் நினைவிடம். கிறிஸ்துமஸுக்காக வந்த யாத்ரீகர்கள் ஏராளமாக இறந்துபோன வேளாங்கண்ணியில் நினைவுத்தூண். நாகை பக்கம் அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் மாதிரி மொத்தமா அடிபட்ட ஊர்களில் டிசம்பர் 26 வந்தால் கடலில் பால் ஊற்றி, பூத் தூவி, மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். பல ஊர்களில் அன்றைக்கு யாரும் கடலுக்குப் போவதில்லை.

இதோட இன்னொரு வகைக் கல்லும் கரையில நிறைய முளைச்சது. புதுக் குடியிருப்போட வாசல் கல்வெட்டு. எந்த நிறுவனம் கட்டிக் கொடுத்தது, யார் திறந்து வச்சது, எந்தத் தேதி. ஃபைபர் படகுகள்லயும் நன்கொடை கொடுத்தவங்க பேரு பெரிய பெரிய எழுத்துல. கொடுத்தவங்களைக் குறை சொல்லல. வீடு வேணும், படகு வேணும், கொடுத்தாங்க, புண்ணியமா போகட்டும். ஆனா நான் எடுத்த போட்டோக்களை மேஜையில பரப்பி வச்சு எண்ணிப் பார்த்தா, கொடுத்தவங்க பேரு இருக்கிற கல்தான் அதிகம். செத்தவங்க பேரு இருக்கிற கல் கம்மி. தண்ணி எதுவரைக்கும் ஏறுச்சுன்னு சொல்ற கல் என் படங்கள்ல ஒண்ணுகூட இல்ல.

கல் நடுறது நமக்குப் புதுசா என்ன? தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேல் பழசு. அதில் ஒரு கல்லில் சில சொற்கள்தான். செத்தவன் பேர், ஊர், மாடு பிடித்த சண்டையில் செத்தான் என்ற தகவல். அவ்வளவுதான். யார், எங்கே, எப்படி. கல்லுக்கு யார் காசு கொடுத்தான்னு அதுல இல்ல. மாமா கேட்ட கேள்வியும் அதே "யாரு?"தான்.

*

இந்த 'யார்'ங்கிறதுக்கு என் பெட்டியில பதில் சொல்றது அந்தக் கண்ணீர் அஞ்சலித் தாள்கள் மட்டும்தான்.

தமிழ்நாட்டு நினைவுக் கலைன்னு யாராவது புத்தகம் எழுதினா முதல் அத்தியாயம் இந்தப் போஸ்டருக்குத்தான் கொடுக்கணும். சுத்தி கறுப்புக் கட்டம், நடுவுல பாஸ்போர்ட் போட்டோவைப் பெருசாக்கின முகம், பக்கத்துல விளக்கு, தோற்றம் - மறைவு தேதிகள், கீழே 'உங்கள் பிரிவால் வாடும்'னு ஆரம்பிச்சு பேரன் பேத்தி வரைக்கும் பட்டியல். ஒட்டின மறுநாளே மேல சினிமா போஸ்டர் விழும், இல்லன்னா மழையில கரையும். சுனாமி முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு ஒட்டின தாள்கள்ல தோற்றம் தேதி மட்டும்தான் வேற வேற. மறைவு தேதி எல்லாத்துலயும் ஒண்ணு. 26-12-2004. ஒரே தாள்ல நாலு முகம், அஞ்சு முகம். சில முகங்களுக்குப் போட்டோ கிடையாது, போட்டோவும் வீட்டோட போயிருச்சு. அந்த இடத்துல ஒரு ரோஜாப்பூ படம் போட்டு கீழ பேரு எழுதியிருக்கும்.

கத்தோலிக்க ஊர்கள்ல பூசைக்கு வர்றவங்களுக்கு ஒரு சின்ன அட்டை கொடுப்பாங்க. ஒரு பக்கம் மாதா படம், மறுபக்கம் இறந்தவர் படமும் ஒரு செபமும். செபப் புத்தகத்துக்குள்ள வச்சுக்கணும். கல்லறைத் திருநாளான நவம்பர் 2க்கு எடுத்துப் பார்ப்பாங்க. இதைப் பெட்டியில வச்சிருக்கிற நான் அந்தச் செபத்தை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மாமா கேட்டப்ப அதுதான் குத்துச்சு.

அந்த வி.சி.டி. கதை இன்னும் மோசம். 2005 தொடக்கத்துல அலை வர்ற காட்சி, அழுகிற காட்சி எல்லாத்தையும் பதிஞ்சு வித்தாங்க. ஜனம் அடிச்சுப் பிடிச்சு வாங்குச்சு. நானும்தான். ஒரே ஒரு தடவை பாதி பார்த்தேன். இப்ப அதைப் போட்டுப் பார்க்க வீட்ல பிளேயரும் இல்ல, தட்டுலயும் பூஞ்சை. யாரோட துக்கமோ அதுக்குள்ள கிடக்கு, யாருக்கும் பிரயோஜனம் இல்லாம.

*

கடைசியா அந்தப் பொம்மை. பேர் 'சுனாமிகா'.

ஆரோவில்லில் 'உபாசனா'ன்னு ஒரு ஆடை வடிவமைப்புக் கூடம். அதை நடத்துகிற உமா பிரஜாபதி, 2005இல் பக்கத்து மீனவ கிராமத்துப் பெண்களுக்கு ஏதாவது செய்யணும்னு ஆரம்பிச்ச வேலை இது. கடலைப் பார்த்தாலே நடுங்கிட்டிருந்த நேரம். கை சும்மா இருந்தா மனசு அங்கேயே போகும். தைக்கிற இடத்துல மிஞ்சுகிற வெட்டுத்துணியில், விரல் நீளத்துக்கு ஒரு பொம்மை செய்யப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கூலி உண்டு. பொம்மைக்கு விலை கிடையாது. விற்கவே கூடாது என்று முடிவு செய்தார்கள். யாராவது மனசு வந்து நன்கொடை கொடுத்தால் அதில் அடுத்த பொம்மை. அப்படியே லட்சக்கணக்கில் செய்து பல நாடுகளுக்குப் போய்விட்டது.

நான் போனப்ப வழக்கம்போல "எவ்வளவுங்க?"ன்னு கேட்டேன். "சும்மா எடுத்துக்குங்க"ன்னாங்க. சேகரிக்கிறவனுக்கு இது பெரிய அதிர்ச்சி. விலை இல்லாத பொருளுக்கு மதிப்பு எப்படிப் போடுறது? ரெண்டு வாங்கிட்டு வந்தேன். ஒண்ணை பஸ்ல பக்கத்து சீட்டுல அழுதிட்டிருந்த ஒரு குழந்தைகிட்ட கொடுத்தேன். அது என்னன்னு அவங்க அம்மா கேட்டாங்க. கதையைச் சொன்னேன். அவங்க கடலூர்க்காரங்க. அவங்க பங்குக்கு அவங்க கதையைச் சொன்னாங்க. விழுப்புரம் வர்ற வரைக்கும் பேசிட்டே வந்தோம்.

இப்ப யோசிச்சா, கொடுத்த பொம்மைதான் வேலை செஞ்சிருக்கு. பெட்டியில இருக்கிறது வெறும் துணி.

*

பொருளே இல்லாம நினைவை வச்சுக்கிட்ட ஒரு ஊரும் உண்டு. சுமத்ராவுக்கு மேற்கே சிமலூ என்று ஒரு தீவு. 2004 பூகம்பம் நடந்த இடத்துக்கு ரொம்பப் பக்கம். அலை வர பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஏறக்குறைய 78,000 பேர் இருந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். ஏழாயிரம் இல்லை, ஏழு. காரணம், 1907இல் அங்கே ஒரு சுனாமி அடித்து நிறைய பேர் செத்தார்கள். பிழைத்தவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பேர் வைத்து, தாலாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு. இவ்வளவுதான் சேதி. 97 வருஷம் கழித்து பேரன் பேத்திகள் ஓடினார்கள்.

ஜப்பானில் அனேயோஷி என்கிற குக்கிராமத்தில் 1933 சுனாமிக்குப் பிறகு ஒரு கல் நட்டார்கள். இந்த இடத்துக்குக் கீழே வீடு கட்டாதே என்று அதில் எழுதியிருக்கிறது. 2011இல் அலை அந்தக் கல்லுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டது. வீடுகள் எல்லாம் கல்லுக்கு மேலே பத்திரமாக இருந்தன. நம்ம நடுகல் மாதிரியே ஒரு சாதாரணக் கல்தான்.

பண்டா அச்சே நகரத்தில் 2009இல் திறந்த சுனாமி அருங்காட்சியகமும் பெரிய விஷயம். உயரமான ஒரு உருளை அறையின் சுவர் முழுக்க இறந்தவர்கள் பேர் எழுதியிருக்கும். 2,600 டன் எடையுள்ள மின்சாரக் கப்பல் ஒன்றை அலை ஊருக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டர் தூக்கிவந்து போட்டது. அதையும் போட்ட இடத்திலேயே நினைவுச்சின்னமாக விட்டுவிட்டார்கள். பார்த்தாலே தண்ணிக்கு எவ்வளவு பலம்னு புரியும், யாரும் விளக்க வேண்டாம்.

நமக்கு 'கடல்கோள்'னு சொல் இருந்தது. இலக்கியத்துல இருந்தது, பாடப்புத்தகத்துல இருந்தது. கரையில இல்ல. அதனால 2004இல் முதல் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல கடல் உள்வாங்கினப்ப, வேடிக்கை பார்க்க இறங்கினாங்க நம்ம ஆளுங்க. 'சுனாமி'ங்கிற ஜப்பானியச் சொல் ஒரே நாள்ல தமிழாச்சு. இப்ப அதுவே நம்மகிட்ட இருக்கிற பெரிய நினைவுச்சின்னம். 'சுனாமி காலனி', 'சுனாமி குடியிருப்பு'ன்னு ரேஷன் கார்டுலயே விலாசமா இருக்கு. அந்தச் சொல் வேலை செஞ்சதையும் பார்த்தோம். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா பக்கம் மறுபடி பெரிய பூகம்பம், 8.6. ஐதராபாத்தில் 2007இல் தொடங்கிய எச்சரிக்கை மையம் தகவல் கொடுத்தது. கரையோர ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். பெரிய அலை எதுவும் வரவில்லை. ஓடினதுல ஒண்ணும் நஷ்டம் இல்ல.

ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. 2004இல் பிறந்த பிள்ளைக்கு 2024இல் இருபது வயசு முடிஞ்சிருச்சு. அந்தக் காலனிகள்ல ஓடி விளையாடுற பசங்களுக்கு அது விலாசம் மட்டும்தான். தனுஷ்கோடி நமக்கு டூரிஸ்ட் ஸ்பாட் ஆன மாதிரி, இதுவும் ஆக அதிக நாள் ஆகாது.

*

திருவிழா முடிஞ்ச ராத்திரி மாமாகிட்ட ஒரு நோட்டோட போய் உக்காந்தேன். "அன்னைக்கு என்ன பார்த்தீங்க மாமா?"ன்னு கேட்டேன். இருபது வருஷத்துல அவர்கிட்ட நான் இதைக் கேட்டதே இல்ல. குளச்சல் வரைக்கும் போய் அஞ்சலித் தாள் சேர்த்தேன், சொந்த மாமாகிட்ட கேக்கல! நம்ம ஊர்லதான் ஒண்ணும் ஆகலையேன்னு ஒரு நினைப்பு. கடலோட குணம் மாறினது, அனுபவசாலிங்க முகம் மாறினது, வள்ளங்களை அவசர அவசரமா மேல இழுத்துப் போட்டது, சாயங்காலம் குமரிப் பக்கத்துச் சொந்தக்காரங்க பேரா ஒண்ணு ஒண்ணா சேதி வந்தது எல்லாத்தையும் சொன்னாரு. ஒம்பது பக்கம் வந்தது. முடிச்சப்புறம் பேரப்பிள்ளைங்க ரெண்டு பேரைக் கூப்பிட்டு, "மாமா எழுதினதைச் சத்தமா வாசிங்கல"ன்னாரு.

பெட்டியைப் பத்தி நான் எடுத்த முடிவு இதுதான். அஞ்சலித் தாள்கள், அட்டைகள் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி, ஒவ்வொண்ணுக்கும் யார், எந்த ஊர், எங்கே எப்போ கிடைச்சதுன்னு ஒரு தாள் எழுதிட்டிருக்கேன். அந்தந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துலயோ பங்குக் கோயில்லயோ குடும்பத்தாரைக் கேட்டு, அவங்களுக்குச் சம்மதம்னா ஒரு பிரதி கொடுக்கிறதா திட்டம். பொம்மையை இனிமே சட்டைப் பையில வச்சுக்கப் போறேன், யாராவது கேட்டா கதை சொல்லிக் கொடுத்திடலாம். தனுஷ்கோடிக் கல் இன்னும் பெட்டியிலதான் இருக்கு. கொண்டுபோய் வைக்கணும். எடுத்தப்ப இருந்த தைரியம் திருப்பி வைக்கப் போறப்ப வர மாட்டேங்குது. ஆனா வைப்பேன்.

இப்ப வேண்டுகோள். உங்கள்ல கரையோர ஊர்க்காரங்க நிறைய பேர் உண்டு. கடலூர், நாகை, குமரி, புதுச்சேரி, அந்தமான், கடல் தாண்டி இலங்கைப் பக்கத்துலேருந்து எழுதுறவங்களும் உண்டு. அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப ஒரு மூணு விஷயம் எழுதிட்டு வாங்க. ஒண்ணு, உங்க ஊர் நினைவுக்கல்லுல யார் யார் பேரு இருக்கு, யார் பேரு விட்டுப்போச்சு. ரெண்டு, தண்ணி எதுவரைக்கும் வந்தது. பழைய ஆளுங்களுக்கு அந்தச் சுவர், அந்தப் படிக்கட்டு, அந்தப் புளியமரம்னு துல்லியமா தெரியும். மூணு, அன்னைக்கு எந்தப் பக்கம் ஓடினவங்க பிழைச்சாங்க.

பெரிய கட்டுரையா வேண்டாம், பத்து வரி போதும். சொல்றதுக்கு ஆள் இருக்கும்போதே கேட்டு வச்சுக்குவோம்.